குளவியும் படைத்தவரும்: ஆசா கிரே – டார்வின் விவாதம் எங்கே நிற்கிறது?

கடவுள் நம்பிக்கையும் பரிணாமக் கொள்கையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியுமா? 1879 மே மாதத்தில், ஜான் ஃபோர்டைஸ் என்ற எழுத்தாளருக்கு அனுப்பிய பதில் கடிதத்தில் சார்லஸ் டார்வின் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். முடியும், அதைச் சந்தேகிப்பதுதான் அபத்தம் என்று எழுபது வயதில் அவர் தயங்காமல் எழுதினார். பாதிரியாரும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி அதற்குச் சரியான சான்று என்று ஒப்புக்கொண்டு, இன்னொரு பெயரையும் சேர்த்தார்: ஹார்வர்டு பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஆசா கிரே. தம்மைப் பற்றிச் சொல்லும்போது, கடவுளை அடியோடு மறுக்கும் நாத்திகராகத் தாம் ஒருபோதும் இருந்ததில்லை என்றும், அறியொணாவாதி என்ற பெயரே தமக்குப் பொருந்தும் என்றும் குறிப்பிட்டார்.

சமயத்தையும் அறிவியலையும் சமாதானப்படுத்த விரும்புகிறவர்கள் இந்தக் கடிதத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அதே ஆசா கிரே முன்வைத்த சமாதானத்தை டார்வின் பல ஆண்டுகள் கடிதங்களில் எதிர்த்து வாதாடி, இறுதியில் அச்சிலேயே மறுத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருவர் இரண்டையும் நம்பி வாழ முடியுமா என்பது ஒரு கேள்வி. அதற்கு கிரேயின் வாழ்க்கையே விடை. அவர் நம்பிய இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் விடையில்லை. படைத்தவர் இந்த உலகத்தில் எப்படிச் செயல்படுகிறார் என்று நம்புகிறோமோ, அதைப் பொறுத்து விடை மாறுகிறது. சில நம்பிக்கைகளை உயிரியல் சோதித்துத் தள்ளிவிட்டது. சிலவற்றை அது தொடவே முடியாது. வேறு சிலவற்றைத் தள்ளவில்லை என்றாலும், அவற்றுக்கான விலையை உயர்த்தியிருக்கிறது.

செடிகள் காட்டிய உறவு

1810இல் நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத்தில் பிறந்த கிரே, மருத்துவம் படித்துவிட்டுத் தாவரவியலுக்கு வந்தவர். 1842 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். கிறித்தவர்களின் அடிப்படை நம்பிக்கைகளைக் கூறும் நிசேயா விசுவாச அறிக்கையை ஏற்பவர் என்று தம்மைப் பற்றித் தம் நூலொன்றின் முன்னுரையிலேயே எழுதியவர். டார்வின் தம் கொள்கையை வெளியிடும் முன்பே அதன் சுருக்கத்தை நம்பிச் சொன்ன மிகச் சிலரில் இவரும் ஒருவர். 1857 செப்டம்பரில் கிரேக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதிதான், 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில், அதே கருத்துக்குத் தனியாக வந்திருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் கட்டுரையோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. வாலஸுக்கு முன்பே டார்வின் இயற்கைத் தேர்வைக் கண்டடைந்திருந்தார் என்பதற்கு அக்கடிதமும் ஒரு சாட்சியானது.

கிரேயைப் பரிணாமத்தின் பக்கம் கொண்டுவந்தவை செடிகள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் ஜப்பானிலும் நெருங்கிய உறவுடைய தாவரங்கள் வியப்பூட்டும் அளவுக்கு இருப்பதை அவர் கவனித்தார். மக்னோலியாவும் ஜின்செங்கும் இரண்டு இடங்களிலும் உண்டு. நடுவே கிடக்கும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இயல்பாக வளர்வதில்லை. ஒரு காலத்தில் வடகோளம் முழுவதும் பரவியிருந்த செடிகளைப் பனியூழி தெற்கே தள்ளியது, எஞ்சியவை இரு மூலைகளில் பிரிந்து நின்று வேறுபட்டன என்று 1859இல் வெளியான ஆய்வில் அவர் விளக்கினார்.

இதே ஹார்வர்டில் அப்போது அமெரிக்காவின் புகழ்பெற்ற இயற்கையியலாளர் லூயி அகாசி இருந்தார். ஒவ்வோர் உயிரினத்தையும் அது இன்று வாழும் பரப்பிலேயே கடவுள் தனித்தனியாகப் படைத்தார் என்பது அவருடைய கருத்து. அப்படியானால் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள ஒற்றுமை படைத்தவரின் விருப்பம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. கிரேயிடம் ஒரு வரலாறு இருந்தது. அந்த வரலாற்றைப் பனியின் தடங்களையும் செடிகளின் பரவலையும் வைத்துச் சரிபார்க்க முடிந்தது. இருவரும் கடவுளை நம்பியவர்கள். எனவே அமெரிக்காவில் டார்வினுக்கான முதல் பெரிய அறிவியல் சண்டை, நம்பிக்கையாளர் இருவருக்கு இடையே நடந்த சண்டைதான்.

நாள்கணக்கு பெரிய தடையல்ல

இன்று இந்த விவாதம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஆதியாகமத்தின் ஆறு நாள்கள். கிரேயின் காலத்தில் படித்த கிறித்தவர்கள் பலருக்கு அது பெரிய சிக்கலாக இல்லை. பூமி மிகப் பழமையானது என்பதை நிலவியல் முன்பே நிறுவியிருந்தது. ஐந்தாம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தீன், படைப்பின் நாள்களை நம்முடைய சாதாரண நாள்களாகக் கொள்ள வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். இயற்கையைப் பற்றி அறியாமல் பேசி வேதத்தை நகைப்புக்கு உள்ளாக்கும் கிறித்தவர்களை அவர் கண்டித்ததும் உண்டு. சில ஆயிரம் ஆண்டுகளே வயதான பூமி என்ற வாதம் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகளிடையே பேரலையாக எழுந்தது, 1961இல் ஜான் விட்கோம், ஹென்றி மோரிஸ் இருவரும் நோவா காலத்து வெள்ளத்தை வைத்து எழுதிய நூலுக்குப் பிறகுதான்.

வேத வசனங்களைச் சொல்லுக்குச் சொல் அப்படியே கொள்பவருக்குப் பரிணாமத்தோடு சமாதானம் இல்லை. அங்கே பேச அதிகமும் இல்லை. வசனத்தைக் குறியீடாகப் படிக்க ஒப்புக்கொள்பவருக்குத்தான் உண்மையான சிக்கல்கள் தொடங்குகின்றன.

மாறுபாடு என்னும் இடைவெளி

1859 நவம்பரில் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் கிரே மூன்று கட்டுரைகள் எழுதினார். இயற்கைத் தேர்வு, இயற்கையைக் கொண்டு கடவுளை அறிய முயலும் இயற்கை இறையியலுக்கு முரணானதல்ல என்பது அவற்றின் சாரம். டார்வினுக்கு அவை மிகவும் பிடித்துப்போயின. அவற்றைச் சிறுநூலாக அச்சிடும் செலவில் தாமும் பங்கெடுத்து, அறிஞர்களுக்கும் பாதிரியார்களுக்கும் படிகள் அனுப்பினார்.

கிரேயின் வாதம் கூர்மையானது. உயிரினங்களில் சின்னச் சின்ன மாறுபாடுகள் தோன்றுகின்றன, அவற்றில் வாழ்வுக்கு உதவுபவை நிலைக்கின்றன, உதவாதவை அழிகின்றன. நிலைப்பதற்கும் அழிவதற்கும் காரணம் இயற்கைத் தேர்வு. ஆனால் மாறுபாடு முதலில் ஏன் தோன்றுகிறது? 1860இல் யாருக்கும் தெரியாது. டார்வினே அதை ஒப்புக்கொண்டிருந்தார். அப்படியிருக்க, அந்த மாறுபாடுகள் நன்மை தரும் திசைகளில் வழிநடத்தப்படுகின்றன என்று கொள்வதில் என்ன தடை என்று கேட்டார் கிரே. சரிவில் தானாக ஓடும் நீரையும் வாய்க்கால் வெட்டி வேண்டிய பக்கம் திருப்ப முடியுமல்லவா என்பது அவர் காட்டிய உவமை.

டார்வினின் பதில் 1868இல் வந்தது. வீட்டு விலங்குகளும் பயிர்களும் மாறுபடுவதைப் பற்றிய இரண்டு தொகுதி நூலின் கடைசிப் பக்கங்களில் கிரேயின் பெயரைச் சொல்லியே மறுத்தார். மலையுச்சியிலிருந்து உடைந்து விழுந்த கற்களைப் பொறுக்கி ஒரு கொத்தனார் மாளிகை கட்டுகிறார். ஒவ்வொரு கல்லின் வடிவத்துக்கும் இயற்கைக் காரணம் உண்டு. ஆனால் அவருடைய மாளிகைக்காகவே அவை அவ்வாறு உடைந்தன என்று யாராவது சொல்வார்களா? பிறகு புறா வளர்ப்பவர்களைக் காட்டினார். விசிறிவால் புறாவையும் தொண்டை புடைத்த புறாவையும் மனிதர் தம் ஆசைக்காக உருவாக்கினார்கள். அந்த வேடிக்கைக்காகவே புறாவின் தொண்டையும் வால் இறகும் மாறும்படி கடவுள் விதித்தாரா? இல்லையென்றால், காட்டில் நடக்கும் மாறுபாட்டுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

மறுத்ததோடு டார்வின் நிறுத்தவில்லை. எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த படைப்பாளர் ஒருவர் இருந்தால் எல்லாவற்றையும் அவர் முன்னறிந்து விதித்தவராகவே இருக்க வேண்டும் என்பதையும் அதே பத்தியில் ஏற்றுக்கொண்டார். விதியும் சுயவிருப்பமும் பற்றிய பழைய சிக்கலைப் போலத் தீராத சிக்கல் இது என்று சொல்லி நூலை முடித்தார்.

1943: குழாய்களில் நடந்த தேர்வு

கிரேயின் யோசனை வெறும் தத்துவமல்ல. மாறுபாடு தேவையை நோக்கி வருகிறதா, தேவைக்குத் தொடர்பின்றி வருகிறதா என்பது உலகத்தைப் பற்றிய கேள்வி, சோதித்துப் பார்க்கக்கூடியது. அது தெளிவாகச் சோதிக்கப்பட எண்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. இத்தாலியிலிருந்து வந்த சால்வடோர் லூரியாவும், ஜெர்மனியில் இயற்பியல் படித்து உயிரியலுக்கு வந்த மாக்ஸ் டெல்புரூக்கும் 1943இல் அமெரிக்காவில் அதைச் செய்தார்கள்.

குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவை அதைக் கொல்லும் வைரஸோடு தட்டில் பரப்பினால் ஏறத்தாழ எல்லாம் மடியும். ஒரு சில தப்பிப் பெருகும். தப்பியவற்றுக்கு எதிர்ப்பாற்றல் எப்போது வந்தது? வைரஸைச் சந்தித்த பிறகு, தேவைக்கு ஏற்ப வந்தது என்றால், தனித்தனிக் குழாய்களில் வளர்த்த பாக்டீரியாக்களில் தப்பியவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். முன்பே, எப்போதோ ஒரு தலைமுறையில், வைரஸோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வந்தது என்றால், கணக்கு வேறு. தொடக்கத்திலேயே மாற்றம் நேர்ந்த குழாயில் அதன் சந்ததி பெருகி நூற்றுக்கணக்கில் நிற்கும். மாற்றம் நேராத குழாயில் ஒன்றும் இருக்காது. சோதனையில் கண்டது இரண்டாவதுதான்: குழாய்க்குக் குழாய் எண்ணிக்கை தாறுமாறாக வேறுபட்டது. 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் வெல்வெட் துணியால் பாக்டீரியாக் கூட்டங்களைத் தட்டுக்குத் தட்டு படியெடுத்து, வைரஸைச் சந்தித்தே இராத கூட்டங்களில் எதிர்ப்பாற்றல் இருப்பதை நேரடியாகக் காட்டினார்கள்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். மரபணு மாற்றங்கள் தற்செயலானவை என்று உயிரியலாளர் சொன்னால், அவற்றுக்குக் காரணமே இல்லை என்று பொருளல்ல. மரபணு படியெடுக்கும்போது நேரும் பிழைகள், கதிர்வீச்சு, வேதிப்பொருள்கள் எனக் காரணங்கள் உண்டு. மரபணுவின் சில இடங்கள் மற்றவற்றைவிட எளிதில் மாறுவதும் உண்டு. அந்த உயிருக்கு அப்போது எது தேவை என்பதோடு மாற்றத்துக்குத் தொடர்பில்லை என்பதே பொருள். கிரே எதிர்பார்த்தது சரியாக இந்தத் தொடர்பைத்தான். அதுதான் காணோம்.

கடவுள் புள்ளிவிவரத்தில் தெரியாதபடி வழிநடத்தலாமே என்று கேட்கலாம். இயற்பியலாளரும் பாதிரியாருமான வில்லியம் பொல்லார்டு 1958இல் ஏறத்தாழ இதைத்தான் வாதிட்டார்: இயற்பியல் தற்செயல் என்று விட்டுவைக்கும் இடமே இறைவனின் பராமரிப்பு செயல்படும் இடம். இதை எந்தச் சோதனையும் மறுக்க முடியாது. அதனாலேயே எந்தச் சோதனையும் இதற்குச் சாட்சி சொல்லவும் முடியாது. கிரேக்குத் தேவைப்பட்டது சாட்சி.

இடைவெளியில் கடவுளை வைக்கும் முயற்சி கிரேயோடு முடியவில்லை. பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற கசையிழை முதலிய சிக்கலான அமைப்புகள் படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது, அங்கே ஒரு வடிவமைப்பாளர் தேவை என்று 1990களில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' இயக்கம் வாதிட்டது. பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளியில் அதைப் புகுத்தியது பற்றிய வழக்கில், 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் அது அறிவியல் அல்ல என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் பரிணாமத்தின் தரப்பில் முதன்மைச் சாட்சியாக நின்ற உயிரியலாளர் கென்னத் மில்லர், ஒரு கத்தோலிக்கர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக இறையியலாளர் ஜான் ஹாட்டும் அதே தரப்பில் சாட்சி சொன்னார்.

போட்டியிடாத காரணம்

மில்லரும் ஹாட்டும் எந்த அடிப்படையில் அங்கே நின்றார்கள்? அவர்களுக்குப் பின்னால் கிரேயைவிடப் பழைய மரபு ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், முதற்காரணம் என்றும் இரண்டாம் காரணங்கள் என்றும் பிரித்தார். ஒரு விளைவில் பாதியைக் கடவுளும் மீதியை இயற்கையும் செய்வதில்லை. முழுவதையும் இயற்கையும் செய்கிறது, முழுவதையும் கடவுளும் செய்கிறார், வெவ்வேறு தளங்களில்; அந்த இயற்கை இருப்பதற்கே கடவுள் காரணம். தற்செயலாக நடப்பவையும் இறைவனின் ஏற்பாட்டுக்கு வெளியே இல்லை என்பதும் அவர் கருத்து.

இந்தப் பார்வையில் கடவுளுக்கு இடைவெளி தேவையில்லை. கிங்ஸ்லி 1859 நவம்பரில் டார்வினுக்கு எழுதியதும் இதற்கு அருகில் வருகிறது: தாமாக வளர்ந்து பெருகும் ஆற்றலுள்ள மூல வடிவங்களைப் படைத்த கடவுள், ஒவ்வொன்றாகப் புதிதாகச் செய்யும் கடவுளைவிடக் குறைந்தவரல்லர். டார்வின் இதைப் பெயர் சொல்லாமல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை அதிகாரபூர்வமாக வந்து சேர்ந்த இடமும் இதற்குத் தொலைவில் இல்லை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து தோன்றியதா என்று ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மாவை மட்டும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்றார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று ஏற்றார்.

இந்தச் சமாதானத்துக்கு அறிவியலிலிருந்து எதிர்ப்பில்லை. ஆனால் இதில் ஓர் இழப்பு உண்டு. 1802இல் வில்லியம் பேலி, உயிர்களின் நேர்த்தியைக் காட்டிப் படைத்தவரை நிரூபிக்க முற்பட்டார். அந்த நிரூபணம் இங்கே கைவிடப்படுகிறது. உயிரியலில் எங்கே பார்த்தாலும் தடயம் விடாத கடவுள் இவர். பிரின்ஸ்டன் இறையியலாளர் சார்லஸ் ஹாட்ஜ் 1874இல் டார்வினியம் என்பது நாத்திகமே என்று தீர்ப்புச் சொன்னபோது குறிவைத்தது இதைத்தான். டார்வினையோ கிரேயையோ அவர் நாத்திகர் என்று சொல்லவில்லை. நோக்கத்தை விளக்கத்திலிருந்து வெளியேற்றிவிட்ட கொள்கையைத்தான் சொன்னார். கிரே நோக்கத்தை உள்ளே வைத்திருப்பதால் அவர் உண்மையில் டார்வினியர் அல்லர் என்றும் கருதினார். கிரேயின் இணக்கத்தில் இருந்த விரிசலை டார்வினும் ஹாட்ஜும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கண்டுகொண்டார்கள். ஆனால் விளக்கத்தில் நோக்கம் இல்லை என்பதிலிருந்து உலகத்துக்கே நோக்கம் இல்லை என்று தாவுவது அறிவியல் அல்ல. அது ஹாட்ஜும் இன்றைய நாத்திகர் சிலரும் சேர்ந்து செய்யும் தத்துவத் தாவல்.

குளவி

உண்மையான கடினம் வேறிடத்தில் இருக்கிறது. 1860 மே 22 அன்று கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் அதைத் தொட்டார். ஒருவகை ஒட்டுண்ணிக் குளவி உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். அன்பும் வல்லமையும் உள்ள கடவுள் வேண்டுமென்றே இதைப் படைத்தார் என்று நம்பத் தம்மால் இயலவில்லை என்றார். பூனை எலியோடு விளையாடுவதையும் சேர்த்துக்கொண்டார். உலகத்தின் விதிகள் திட்டமிடப்பட்டவையாக இருக்கலாம், நன்மையும் தீமையுமான விவரங்கள் தற்செயலுக்கு விடப்பட்டிருக்கலாம் என்று ஒரு நடுவழியைச் சொல்லிவிட்டு, அதிலும் தமக்குத் திருப்தியில்லை என்றார். அவ்வாண்டு இறுதியில் எழுதிய கடிதத்தில், இந்த விஷயத்தில் தாம் மீள முடியாத குழப்பத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

துன்பம் பழைய சிக்கல்தான். ஆனால் பரிணாமம் அதை இரண்டு வகையில் கூர்மையாக்கியது. முதலாவது, காலம். உலகத்தில் சாவும் வலியும் ஆதாமின் பாவத்தால் வந்தன என்பது பலரின் விளக்கமாக இருந்தது. கனடாவில் கிடைத்த சென்ட்ரோசாரஸ் என்ற டைனோசரின் கால் எலும்பில் எலும்புப் புற்றுநோய் இருந்ததை 2020இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். அது ஏறத்தாழ 7.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அந்த வலிக்கு மனிதர் எவரும் பொறுப்பாக முடியாது. இரண்டாவது, வழிமுறை. தனிப்படைப்பில் குளவியின் கொடுமை ஒரு களங்கம். இயற்கைத் தேர்விலோ பிறப்பின் மிகுதியும் பெரும்பாலானவற்றின் அழிவும்தான் வேலை செய்யும் இயந்திரமே.

கிரே இதை எதிர்கொள்ளாமல் இல்லை. 1876இல் தொகுத்த 'டார்வினியானா' நூலில் அதையே தம் பக்கத்து வாதமாகத் திருப்பினார். தனிப்படைப்பில் வீணழிவுக்கு எந்த விளக்கமும் இல்லை. பரிணாமத்திலோ போட்டியிடும் பெருங்கூட்டம் இல்லாமல் தேர்வு இல்லை. தேர்வு இல்லாமல் சூழலுக்கு ஏற்ற மாற்றமும் பன்மையும் இல்லை. வீணாகத் தோன்றுவதற்கும் ஒரு பயன் உண்டு என்றார். வாதம் வலுவானது, ஆனால் இனத்தின் கணக்கில் மட்டும். தின்னப்படும் அந்தப் புழுவின் கணக்கில் இதற்கு விடையில்லை. ஒவ்வொரு சிட்டுக்குருவியையும் மறக்காத கடவுளை நம்புகிறவருக்கு இனத்தின் கணக்கு போதாது. உலகத்துக்குத் தன்னைத்தானே ஆக்கிக்கொள்ளும் சுதந்திரத்தைக் கொடுத்த கடவுள் அதன் துன்பத்திலும் பங்கேற்கிறார் என்று ஹாட் போன்றோர் சொல்வது இந்தக் குறையை உணர்ந்துதான். ஆனால் அவர்கள் அங்கே போவது உயிரியலின் வழியாக அல்ல, சிலுவையின் வழியாக.

ஆதாமும் ஒரு முட்டுக்கட்டை. 1950இல் பயஸ், மனித இனம் ஒரே தம்பதியிலிருந்து வராமல் பலரிடமிருந்து வந்தது என்ற கருத்தை ஆதிப்பாவக் கோட்பாட்டோடு இணைக்கும் வழி தெரியவில்லை என்று எழுதினார். இன்றைய மனிதரிடம் உள்ள மரபணு வேறுபாட்டின் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், நம் முன்னோரின் எண்ணிக்கைக்கு வரும் மதிப்பீடுகள் பெரும்பாலும் பத்தாயிரத்தை ஒட்டியே இருக்கின்றன, இருவரை அல்ல. பெரிய வாலில்லாக் குரங்குகளில் உள்ளது போன்ற 24 இணை நிறப்புரிகளில் இரண்டு ஒட்டியே நம்முடைய இரண்டாம் நிறப்புரி உருவானது என்பதற்கும் அதற்குள்ளேயே தடம் இருக்கிறது. இங்கே சமாதானம் வேண்டுமானால் மாற வேண்டியது கோட்பாட்டின் வாசிப்புதான், மரபணு மாறப்போவதில்லை.

இணக்கத்தைச் சோதிப்பது எப்படி

இத்தனைக்கும் பிறகு கேள்விக்குத் திரும்பினால், பரிணாமத்தையும் படைப்பையும் சேர்த்து நம்ப முடியும் என்பதே என் முடிவு. ஆனால் எல்லா வகை இணக்கமும் ஒன்றல்ல. முன்வைக்கப்படும் ஒவ்வொரு இணக்கத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: நாளை ஆய்வுக்கூடத்தில் எதிரான முடிவு வந்தால் இது எதை இழக்கும்? மாறுபாட்டில் கடவுளை வைத்த கிரேயின் யோசனை 1943இல் இழந்தது. கசையிழையில் வைத்தவர்களின் யோசனையும் அந்தக் கதிக்கே ஆளாகிறது. எதையும் இழக்காத இணக்கம், அக்குவினாஸின் வழியில் செல்வது, நிலைத்து நிற்கிறது. ஆனால் அது உயிரியலைத் தனக்குச் சாட்சியாக அழைக்கும் உரிமையையும் விட்டுக்கொடுத்தாக வேண்டும். நம்பிக்கையாளர் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. நாத்திகருக்கும் இதே நியாயம் பொருந்தும். சோதனையில் சிக்காத கடவுளைச் சோதனை தோற்கடித்துவிட்டது என்று அவரும் சொல்ல முடியாது.

குளவியின் கேள்வி இந்தச் சோதனைக்கு உட்படாது. அது பரிணாமத்துக்கு முன்பும் இருந்தது. பரிணாமத்தை மறுத்தாலும் இருக்கும். அகாசியின் தனிப்படைப்பிலும் குளவி புழுவைத் தின்றது. ஆகவே கடவுளைக் காப்பாற்ற டார்வினை மறுப்பவருக்கு அதில் லாபமில்லை: வலியின் கேள்வி அப்படியே இருக்கும், ஜப்பானிய மக்னோலியாவுக்கான விளக்கம் மட்டும் கையை விட்டுப் போயிருக்கும்.